இரண்டு ஏக்கருக்கு ஒரு ட்ரோன்

இன்று மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் வந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் என் இரண்டு ஏக்கர் நெல்லுக்கு மருந்தடிக்க, சொந்தமாக ட்ரோன் வாங்கிய கதையை நண்பனிடம் போனில் அளந்துகொண்டே வந்தேன்.

போனை வைத்ததும் ஓட்டுநர் கேட்டார். "ரெண்டு ஏக்கராக்கு எவ்ளோ நேரம் சார் ஆவும்?"

"இருபதே நிமிஷம்!"

"அப்பால இன்னா பண்ணும்?"

"அடுத்த தடவை மருந்தடிக்கிற வரைக்கும் வீட்டுல இருக்கும்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "என் பொண்ண ஸ்கூல்ல வுடுறதுக்கு மட்டும் நான் ஆட்டோ வாங்கியிருந்தா, வூட்ல சேத்துப்பாங்களா சார்? நாலு பேரு வயலுக்கு சவாரி ஓட்டு."

இறங்கியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் வயல் வைத்திருக்கும் நண்பர்களே, ட்ரோன் வாடகைக்கு வரும். "ரிட்டன் காலியா வரணும் சார்" என்று மேலே போட்டுக் கேட்க மாட்டேன்.