அறுநூற்று ஒன்றாவது கிலோ

அறுநூறு கிலோ தாங்கும் படகு அறுநூற்று ஒன்றாவது கிலோவில் மூழ்கிவிடும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். குற்றம் முழுக்க என்னுடையதில்லை; பாதி, என் மனைவி படித்த ‘அசமன்பாடு’ என்ற கணக்குப் பாடத்தினுடையது.

கணக்கில் தவறியதால் நின்றுபோன படிப்பை முடிக்க அவள் மூன்றாவது முறையாகக் கணக்குத் தேர்வு எழுதப் போனாள். தேறினால்தான் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட முடியும். ஒரு மாதமாகச் சமையற்கட்டிலும் அந்தப் பாடம்தான். ஒரு படகு அதிகபட்சம் அறுநூறு கிலோ தாங்கும், ஆட்கள் நூற்று இருபது கிலோ, பெட்டி ஒன்று நாற்பது கிலோ, எத்தனை பெட்டி ஏற்றலாம்? பன்னிரண்டு என்றேன் நான். "பன்னெண்டு, இல்லாங்காட்டி அதுக்குக் கம்மி" என்று அவள் திருத்தினாள். கம்மியாக இருந்தால் பரவாயில்லை என்பது என் காதில் விழவில்லை. பதின்மூன்றாவது பெட்டி மட்டும் கனவில் வந்தது.

நான் பொன்னேரியில் பிறந்து, கல்யாணம் கட்டி இந்த ஏரிக்கரைக்கு வந்தவன். ஏரி என்றால் ஆழம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். படகில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன்.

தேர்வன்று காலை பழவேற்காட்டுக்குப் படகு, அங்கிருந்து பொன்னேரிக்குப் பஸ். படகை ஓட்டியது என் மைத்துனன். நண்டுக் கூடைகளோடு ஆறு பெண்கள் ஏறியதும் மூடியிருந்த கண்ணைத் திறந்தேன். இந்தப் படகு எவ்வளவு தாங்கும் என்று மைத்துனனைக் கேட்கத் தோன்றவில்லை. புத்தகத்துப் படகின் அறுநூறையே இதற்கும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் பேனாவால் கூட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொருவரிடமும் எடை கேட்டேன்.

"இன்னா, பொண்ணு பாக்க வந்தியா? நாப்பது கிலோ, எழுதிக்க" என்றாள் ஒருத்தி. அவளைப் பார்த்து மற்ற ஐவரும் நாற்பது என்றார்கள். என் மனைவி கூசாமல் ஐம்பது என்றாள்.

ஆறு நாற்பது இருநூற்று நாற்பது. கூடைகள் அறுபது. மைத்துனன் அறுபத்தைந்து. அவள் ஐம்பது. உள்ளதைச் சொன்ன ஒரே ஆளான நான், எண்பத்திரண்டு. மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்று ஏழு. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாற்பதுகளை நானே நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குப் பதினைந்து கூட்டினேன், மனைவிக்குப் பன்னிரண்டு. ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. தப்பித்தோம் என்று மூச்சு விடுகையில் அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தேன். புத்தகமும் சோற்று டப்பாவும் இரண்டு கிலோ.

அந்த நொடியில் படகு குலுங்கி நின்றது.

இவள் பரீட்சையும் போச்சு, உயிரும் போச்சு என்று தோன்றியது. ஒரே ஒரு கிலோதான் அதிகம். எண்பத்திரண்டு கிலோ இறங்கினால் அவளாவது கரைசேர்வாள். இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு தண்ணீரில் குதித்தேன்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அதற்கும் கீழே சேறு.

மைத்துனன் துடுப்புக் கழியை ஊன்றியபடி சொன்னான்: "கரெக்டா எறங்கிட்ட மாமா. தரை தட்டினா வெயிட்டான ஆள்தான் எறங்கித் தள்ளணும். இங்க அதான் பழக்கம்."

"எடை கேக்கறப்பவே தெரியும். யாரை எறக்கலாம்னு பாக்குறான்னு" என்றாள் முதல் நாற்பது கிலோ.

மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். "யோவ், மணி ஆவுது. தள்ளு."

தள்ளினேன். வாய்க்கால் ஆழத்தில் இறங்கியதும் படகு மிதந்தது. வழியில் இன்னும் மேடு வரும், நான் ஏறினால் மறுபடி தட்டும் என்று என்னை ஏற்றாமலே போய்விட்டார்கள். சேற்றில் கால் மாற்றி மாற்றி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் பதினைந்து நிமிடம் முன்னதாகவே தேர்வறைக்குள் போயிருந்தாள். நாற்பத்தாறு மதிப்பெண் எடுத்துத் தேறினாள்.