விருப்ப வரிசை

நிந்தவூர் சுபைறா நில அளவையாளர். வயது இன்னும் முப்பது ஆகவில்லை. முக்காலியை வரம்பில் ஊன்றி அவள் அளந்து முடித்த பிறகும், சவளக்கடை வயல்காரர் சிலர் கயிறு கொண்டுவந்து தாங்களும் ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். அவள் கோபிப்பதில்லை. ஒருவர் சொன்னதை உடனே நம்புகிற பழக்கம் அவளிடமும் இல்லை. அதை அவள் விட்டது சொந்த வீட்டில்தான்.

பாடசாலையின் கடைசி வகுப்பான உயர்தரம் அவள் படித்தபோது கணித வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். உயிரியல் வகுப்பில் உட்கார இடமிருக்காது. டொக்டராக முடியாவிட்டாலும் டீச்சராகலாம் என்பது ஊர் நினைப்பு. சுபைறாவுக்கு நில அளவை படிக்க ஆசை. அதற்கு மலைநாட்டுப் பக்கம் போய்த் தங்க வேண்டும். நெல் வியாபாரியான வாப்பா மக்கீன் முகம் சுளிக்கவில்லை.

"ஒண்ட விருப்பம்தான் மகள்" என்றார்.

அவர் இவ்வளவு இலேசாகச் சம்மதித்தது அவளுக்கு ஒரு கணம் உறுத்தியது. சந்தோசத்தில் விட்டுவிட்டாள்.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான பாடநெறிகளை விருப்ப வரிசையில் ஒரு தாளில் எழுதி, போன் கடை வைத்திருந்த அண்ணன் ஸாஜித் காக்காவிடம் கொடுத்தாள். முதலாவது நில அளவை. பௌதிக விஞ்ஞானம் மூன்றாவது. அவன் இணையத்தில் நிரப்பி அச்செடுத்துக் கொண்டுவந்தபோது அவள் போக வேண்டிய கல்முனை பஸ் வந்துகொண்டிருந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தாள்.

சில மாதங்களில் தெரிவு வந்தது. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம். அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த வகுப்புத் தோழன் பஸாலுக்கு நில அளவை கிடைத்திருந்தது. அலுமாரியில் இருந்த விண்ணப்பப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். பௌதிக விஞ்ஞானம் முதலாவதாக இருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து.

கேட்டபோது ஸாஜித் நிமிர்ந்து பார்க்காமல், அவசரத்தில் மாறி அடிபட்டிருக்கும் என்றான். அவள் நம்பவில்லை. அந்த வாரம் உம்மா ஏன் அவ்வளவு அன்பாக இருந்தார்? கல்யாணப் பேச்சோடு வந்துபோன மாமி காக்காவின் கடையில் ஏன் நுழைந்தார்? ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தாள். கிடைத்த இடத்தில் பதியாமல் விட்டு, மறுபடியும் பரீட்சை எழுதினாள். ஒரு வருடம் காக்காவோடு கதைக்கவில்லை.

இரண்டாம் முறை புள்ளி இன்னும் கூடியது. கல்முனையில் ஒரு கடைக்குத் தனியே போய், தானே நிரப்பி, ஒவ்வொரு வரியையும் மூன்று முறை வாசித்தாள். அன்று பின்னேரம் வாப்பா தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்.

"பௌதிக விஞ்ஞானத்த முந்தி எழுதின மாதிரி மூணாவதாத்தான் போட்டிரிக்கிறயா மகள்?"

அது மூன்றாவதாக இருந்ததை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அந்தத் தாளைப் பார்த்தவன் ஸாஜித் மட்டும்தான்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் வாப்பா?"

மக்கீன் கோப்பையை வைத்தார்.

"காக்காவில பிழையில்ல. நான்தான் மாத்தச் சொன்னன். ஆம்பிளையளோட வெயிலுக்க சங்கிலி புடிச்சித் திரியிற புள்ளைக்கு எங்க போய் மாப்பிள்ள எடுக்கிற?"

வேண்டாம் என்று அன்றே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன் என்றாள் சுபைறா. விருப்பம் என்று சொல்லிவிட்டு மாற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வருடம் கதைக்காமல் இருந்ததற்கு ஸாஜித்திடம் மன்னிப்புக் கேட்டாள். அவனுடைய மௌனத்தை மட்டும் மன்னிக்கவில்லை. அந்த வருடமே மலைநாட்டுக்குப் போனாள். படித்து முடித்து ஊரிலேயே வேலைக்கு வந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் தங்கை றுக்ஸானா பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தாள். கணிதத்திலும் ஏ. ஆனால் உயர்தரத்துக்கு அவள் கேட்டது கலைப் பிரிவு, அதில் சமையலும் சத்துணவும் படிக்கிற மனைப்பொருளியல்.

சுபைறா அதை நம்பவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாடசாலைக்குப் போய் டீச்சரை விசாரித்தாள். உம்மாவையும் காக்காவையும் தனித்தனியே கேட்டாள். தான் வாயே திறக்கவில்லை என்று வாப்பா சத்தியம் செய்தார். அந்தச் சத்தியமும் சந்தேகத்தைத்தான் கூட்டியது.

"கணக்கு எனக்கு வரும் ராத்தா. புடிக்காது" என்றாள் றுக்ஸானா.

"அது ஒண்ட கதையா, ஆரும் சொல்லித் தந்த கதையா?"

றுக்ஸானாவின் கண் கலங்கியது. "வாப்பா ஒனக்குச் செஞ்சத்த நீ எனக்குச் செய்யப் போறயா?"

பிறந்ததிலிருந்து சமையல் பெண்ணுக்கு என்று கேட்டு வளர்ந்த பிள்ளையின் விருப்பத்தில் எது அவளுடையது, எது ஊருடையது என்று அளந்து பிரிக்கச் சுபைறாவுக்குத் தெரியவில்லை. உயர்தர வகுப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தங்கையிடமே கொடுத்தாள்.

றுக்ஸானா அந்தப் பாடத்தையே படிக்கிறாள். வாப்பாவின் சீனி வருத்தத்துக்கு எதை எவ்வளவு தின்னலாம் என்று எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். சந்தோசமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அவள் சேர்ந்த புதிதில், பிரிவு மாற எத்தனை மாதம் அவகாசம் என்று சுபைறா பாடசாலையில் இரகசியமாக விசாரித்து வைத்திருந்தாள். அந்த அவகாசம் முடிகிற நாள்வரைக்கும் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். றுக்ஸானா மாறவில்லை.