ஆம்பூர் தராசில் ஏறிய குழவி

போன மாசியில் நான் ஒடுகத்தூர் போகக் காரணம் என் தங்கை ராஜம்மாளின் கடிதம். அவள் புருஷன் முனுசாமி சனிக்கிழமை சந்தையில் வண்டி மாடுகளை விற்றுவிட்டு, குடும்பத்தோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பப் போகிறாராம். அவளுக்குப் போக மனமில்லை. நான் வேலூரில் கடிகாரம் பழுது பார்ப்பவன். திறந்து பார்க்காமல் எதையும் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். புதன்கிழமை பஸ் ஏறினேன். ஆறணா, இரண்டு மணி நேரம், தூசி இனாம்.

முனுசாமி மலையடியில் ஆவாரம்பட்டை உரித்து, தோல் பதனிடும் ஆம்பூர்த் தொட்டிகளுக்கு ஏற்றிப் போகிறவர்.

"அல்லாரும் திருட்டுப் பசங்க மச்சான். தராசுக்காரன், மேஸ்திரி, மொதலாளி எல்லாம் ஒண்ணு. இங்க நாப்பது மணங்கு ஏத்தினா அங்க முப்பத்தெட்டுதான் நிக்குது. தை வந்தா ஆம்பூரே காலி, பாரு."

"தராச சோதிச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? ஊரே சொல்லுதே."

ஊர் சொல்வதற்காக என் தங்கை கடல் தாண்டுவதா? எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுடைய அம்மிக் குழவியைக் கேட்டேன். கழுவித் துடைத்துக் கொடுத்தாள். உள்ளூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை நிறுக்கும் மண்டித் தராசில் மூன்றரை வீசை இருந்தது. ஆம்பூரில் அது குறைந்தால் நானே மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறேன் என்றேன்.

வியாழன் விடிகாலை, பட்டை நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, கட்டுக் கட்டி, அதே மண்டியில் நிறுத்தார் முனுசாமி. தண்ணீர் தெளிப்பது அங்கே வழக்கம். நாற்பது மணங்கு. ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மாதனூர் வழியாகப் பதினைந்து மைல். ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

பன்னிரண்டரைக்கு ஆம்பூர். தோல் தொட்டி வாசலில் காவலாள் ஓரணா கேட்டான். "தரமுடியாது" என்றேன். முறைத்துவிட்டு வழிவிட்டான். கை நீட்டுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை.

பட்டை முப்பத்தெட்டு மணங்கு. முனுசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே தட்டில் குழவியை வைக்கச் சொன்னேன்.

"இன்னாங்க இது, மசாலா அரைக்க வந்தீங்களா?" என்றார் தராசுக்கார பாய். வைத்தார். மூன்றரை வீசை. குந்துமணி கூடக் குறையவில்லை.

பாய் ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணி தெளிச்சு நிறுத்தீங்களா? அத்த வெயில் குடிச்சிட்டுதுங்க."

முனுசாமியும் ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் நான்கு பேர் புதுத் தொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலியாகப் போகிற ஊரில் யார் குழி வெட்டுவார்கள்?

இரவு சத்திரத்தில் தங்கி, வெள்ளி மதியம் ஊர் திரும்பினோம். வாசலில் மாட்டுத் தரகர் காத்திருந்தார்.

இந்த வழியாகப் பட்டை ஏற்றிப் போகிறவர்களுக்கு: விடியுமுன் கிளம்புங்கள். தண்ணீர் தெளிக்குமுன் நிறுத்துவிடுங்கள். எல்லாரும் கள்ளர், எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால், எதை வைத்து நிறுத்தார் என்று கேளுங்கள்.

முனுசாமி மாடுகளை அவிழ்த்துத் தொட்டியில் தண்ணீர் காட்டினார். தரகர் பக்கம் திரும்பாமலே, "மாடு விக்கலீங்க" என்றார்.

ராஜம்மாள் என் கையிலிருந்த குழவியை வாங்கிக்கொண்டு நேரே அம்மிக்குப் போனாள்.