பழவேற்காடு ஏரியில் கன்னியம்மா போடாத மாத்திரை

இருபது வருஷமாகக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறக் குட்டிக் கதவுகள் உண்டு. திறந்தால் தசை தளரும், மூடினால் குழாய் இறுகும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் திறக்கும், ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோன் மூடும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எனக்கே பிரஷர் வந்துவிட்டது. பாடம் நடத்தியவளுக்கே பாடம்! அந்தக் கடுப்பில்தான் மாசியில் ஒரு ஞாயிறு, பிரஷர் மிஷினையும் பையில் திணித்துக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் 5.40 லோக்கல். பொன்னேரியில் இறங்கிப் பதினெட்டு கிலோமீட்டர் பஸ். 8.30க்குத் தோணிரேவு மீனவர் குப்பத்தில் ஏழுமலை அண்ணன் படகு, எண்ணூறு ரூபாய். அவர் மனைவி கன்னியம்மாவுக்கும் என் வயசுதான், ஐம்பத்திரண்டு. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட கூடைக்குள் போடுகிறார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தேகாலுக்குக் கன்னியம்மா படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொடனி இடிக்குது மேடம். வலது கையில எறா நிக்க மாட்டேங்குது."

"குளுருதான். செத்த வெயில்ல குந்து," என்றார் அண்ணன்.

அவரைப் படகில் ஏற்றி, கையில் மிஷினைச் சுற்றினேன். 210/120.

"பிரஷருக்கு மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"தண்ணில எறங்குற நாள்ல போடமாட்டேன். குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டும். வாயில கூடையோட மயங்கினா இன்னா ஆவுறது?"

"இறங்காத நாள்ல?"

"எறங்காத நாள் ஏது?" நாக்கு குழறியது.

என் மாத்திரையை எடுத்துவிட்டு மறுபடி பையில் போட்டேன். பக்கவாதமாக இருந்தால் நம் இஷ்டத்துக்குப் பிரஷரை இறக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். திரும்பும்போது படகு தரை தட்டிவிட்டது. அண்ணன் குதித்துத் தள்ள, நானும் முழங்கால் சேற்றில் இறங்கினேன். கரை சேர முப்பத்தைந்து நிமிஷம். பாவி மனசு ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணியது.

பக்கவாதம்தான். ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியது. "மாத்திரையை ராத்திரிக்கு மாத்தியிருக்கலாமேம்மா?" என்றார் டாக்டர்.

"சீட்டுல காலைன்னு போட்டிருந்துச்சு," என்றார் கன்னியம்மா. "நான் இன்னா வேலை செய்றேன்னு யாரும் கேக்கல."

போகிறவர்களுக்கு: தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் வேண்டும். மாசியில் ஏரி வற்றும், படகு தட்டும், போனில் சார்ஜ் இருக்கட்டும். தலை சுற்றுகிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் வேலையை டாக்டரிடம் சொல்லி, நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து நேற்று போன் பண்ணினேன். ராத்திரி எட்டு மணிக்குத் தவறாமல் போடுகிறாராம்.

"கை எப்படி இருக்கு?"

"வலது இன்னும் வரல மேடம். இடது கையால தடவக் கத்துக்கினு இருக்கேன்."