தபாலில் போன மன்றாட்டு

அன்பான சகோதரங்களே, நான் ஒரு தாதி. வாய்க்காரி என்றுதான் எனக்குப் பெயர். அந்த வாய் திறக்க வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டது. அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டில் வேலை செய்தேன். இறக்கக்கண்டியிலிருந்து வந்த றோசலினுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். அவளுடைய நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது. வார்ட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பிள்ளை பெத்த களைப்பு. நீர் என்ன டொக்டரே?" என்றார்.

ஏன் பயப்படுகிறேன் என்று விளக்க எனக்குப் படிப்புக் காணாது. இரண்டாந்தரம் சொல்லத் துணியவில்லை. பின்னேரம் றோசலின் செத்துப்போனாள். பச்சைப்பிள்ளை பசியில் கத்திக்கொண்டு கிடந்தது.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவருக்குக்கூட. வெள்ளை உடுப்பைப் போடவே வெறுப்பாக இருந்தது. அந்த நேரம்தான் தென்னிந்தியாவில் ஒரு கல்லூரி, பதிவுபெற்ற தாதிகளைச் சேர்த்து, முதலில் பட்டமும் பிறகு முதுமாணியும் படிப்பிப்பதாக அறிந்தேன். இடம் கிடைக்காவிட்டால் வேலையை விடுவது என்று முடிவெடுத்தேன். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று எழுதி, தனி உறையில் ஒட்டி, விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். இங்கிலிசில் டைப் அடிப்பித்தேன். முழுக்க என் புகழ்தான்!

எங்கள் மாதா கோயிலில் ஒன்பது நாள் செபிக்கிற நவநாளில் ஒரு வழக்கம் உண்டு. மன்றாட்டை எழுதி, உறையில் ஒட்டி, மேலே பெயர் போடாமல் மாதாவின் காலடிப் பெட்டியில் போடுவோம். யாரும் பிரிக்கக்கூடாது. கடைசி நாள் பங்குக் குருவான சுவாமி கோயில் முற்றத்தில் வைத்து எரிப்பார். நான் றோசலினின் கதையை ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். "எனக்குத் தெரிந்தது காணாது தாயே. இன்னொருத்தி இப்படிச் சாகாமல் இருக்க, படிப்பைப் பெற்றுத் தாரும்" என்று முடித்தேன். அன்றைக்கே ஓர் உறையை விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்பி, மற்றதைப் பெட்டியில் போட்டேன்.

கடைசி நாள் பூசை முடிந்து நெருப்பு மூட்டினார்கள். ஒரு தாள் சுருண்டு எழும்பியது. டைப் எழுத்து! கையால் எழுதின மன்றாட்டுகளுக்குள் இது யாருடையது? கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் என் கையொப்பம். அப்படியென்றால் நாலு நாளைக்கு முன் கல்லூரிக்குப் போனது எது? இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி உறை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் கணவர் பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

"இஞ்சாருங்கோ, மாறிப் போட்டிட்டன். மாதாவுக்கு எழுதினதைக் கொலிச்சுக்கு அனுப்பிட்டன்!"

"அதிலை என்ன எழுதினனீர்?"

அந்த முற்றத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "இவ்வளவு நாளும் இதை மனசிலை வைச்சுக்கொண்டே சாப்பிட்டனீர்?" என்று மட்டும் அவர் கேட்டார்.

வேலை போகும், மானம் போகும் என்று நடுங்கினேன். "அந்தக் கடிதம் கடலில் விழட்டும் தாயே" என்று காலையும் மாலையும் செபித்தேன். வெட்கங்கெட்ட செபம்!

மாரி மழை தொடங்கப் பதில் வந்தது. எனக்குப் பிரிக்க ஏலவில்லை. கணவர்தான் வாசித்தார். கல்லூரித் தலைவி தமிழில், கையால் எழுதியிருந்தார்: "இது எனக்கு எழுதிய கடிதமல்ல என்று தெரிந்தும் வாசித்துவிட்டேன். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார்கள். நீங்கள் மட்டும் தெரியாததை எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இடம் உண்டு. வருமுன் அந்தக் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள்."

அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. சந்தோஷப்படவா, அழவா? இறக்கக்கண்டிக்குப் போனேன். றோசலினின் புருஷன் மடியில் பிள்ளையை வைத்திருந்தார். சொன்னேன். அவர் ஏசவில்லை.

"இன்னொருக்காச் சொல்லியிருக்கலாம் மிஸ்ஸி" என்றார்.

அந்தச் சொல்லோடுதான் கப்பல் ஏறினேன். முதுமாணியும் முடித்துத் திரும்பி வந்தேன். இப்போது தாதிகளுக்குப் படிப்பிக்கிறேன். முதல் வகுப்பில் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: கேட்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லுங்கள், பிறகும் சொல்லுங்கள்.

கடலில் விழட்டும் என்ற செபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. அதற்குத்தான் அவருக்கு என் முதல் நன்றி. சகோதரங்களே, நீங்களும் உள்ளதை உள்ளபடி எழுதி ஒட்டுங்கள். யாருடைய கையில் கொடுப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார்.