கன்னியம்மாவின் பச்சை விரல்கள்

வேலியில் கோவை இலையைக் கிள்ளி முகர்ந்தால் போதும், அதைக் கசக்கிச் சிலேட்டு துடைத்த எங்கள் பெண்கள் பள்ளிக்கூடமும், ஜன்னல் வழியே நெசவாளர் தெருவிலிருந்து வரும் பாவுக்கஞ்சி வாடையும், இன்று இடமே தெரியாமல் போன அந்த ஓட்டுக்கூரையும் திரும்பிவிடுகின்றன. கூடவே, மூன்று வருஷமாக வகுப்பை மேய்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்த கன்னியம்மாவும். ஒரு நாள் வாத்தியாரம்மா சொன்ன கதையில் ராஜாவுக்குச் சாவே கிடையாது. கடைசிவரை அவருக்கு யார் விசுவாசமாக இருப்பார்கள் என்று எழுதச் சொன்னார். 'யாருமில்லை. தன் முறை வராதென்று தெரிந்தால் மகனே வெறுப்பான்' என்று எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பினால் என் சிலேட்டில் எழுத்தே இல்லை.

"பல்லி எச்சம் கெடந்துதுடி, அதான் தொடச்சுக்கினு இருந்தேன்," என்றாள் கன்னியம்மா.

அவள் சிலேட்டில் இருந்த என் பதிலை வாத்தியாரம்மா உரக்கப் படித்துப் பாராட்டினார். அவளுடைய பச்சை விரல்களை அவரும் பார்த்திருப்பார் என்றுதான் இன்றும் எனக்குச் சந்தேகம்.

அந்த வருஷமும் கன்னியம்மாதான் சட்டாம்பிள்ளை.