இடுப்பு உயரத்தில் ஒரு ரீடர்

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இடுப்பில் எந்நேரமும் அளவு டேப்போடு அலைந்தால் வாய்கள் சும்மா இருக்குமா? டேப் அக்கா என்றே நிலைத்துவிட்டது. பாதுகாப்புக் கருவி மாட்டும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் கேபிள் இழுத்தவள். இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வேலையில்தான் முதன்முதலாக, ரீடர் கருவியை எங்கே வைப்பது என்று அவளே முடிவு செய்யலாம் என்றார்கள்.

பிறந்த குழந்தையின் காலில் சின்னதாக ஒரு டேக் கட்டுவார்கள். நர்ஸ் அனுமதி இல்லாமல் குழந்தை வாசலைத் தாண்டினால் ரீடர் அந்த டேக்கைக் கண்டுபிடித்து மணியடிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு தாய்மாமன், புதையல் கிடைத்த மாதிரி மருமகனைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடையில் நண்பர்களிடம் காட்டப் போய்விட்டார். அரை மணி நேரம் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டது. அதற்குப் பிறகுதான் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர் இந்த ஏற்பாட்டைக் கேட்டார்.

அவள் கம்பெனி எஞ்சினியர் தம்பி ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு டேக் கட்டி, கதவுக்கு மேலே ரீடரை வைத்துப் பத்து தடவை நடந்தான். பத்துக்குப் பத்து மணியடித்தது. இவளோ இரண்டு நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஜனங்கள் குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் தோளில் சாய்த்து, துண்டால் போர்த்தி, காலை மடக்கித் தங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

"பொம்மைக்குள்ள காத்துதான் இருக்கு தம்பி. உடம்பெல்லாம் தண்ணி. சிக்னலை அது குடிச்சிடும்."

சொன்னதோடு விட்டாளா? இரண்டு தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, டேக்கை இடுக்கி, மார்போடு அணைத்து நடந்து காட்டினாள். பத்தில் ஏழு தடவை மணி வாயே திறக்கவில்லை.

"அதுக்காக வாசலுக்கு ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துல வைக்கிறதா? பார்க்கவே நல்லா இல்லக்கா!"

"குழந்தை கால் எங்க இருக்கோ அங்கதான் வைக்கணும். அழகு பார்க்க நாம என்ன கண்ணாடியா மாட்டறோம்?"

கம்பெனி மேலாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரி கையெழுத்துப் போடாவிட்டால் அவள் மறுபடி கேபிள் இழுக்கத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சோதனை நாள் வந்தது. எஞ்சினியர் தம்பி பாட்டில் குழந்தையோடு நடக்க, அவள் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். பத்துக்குப் பத்து! ஆனால் பெரிய சிஸ்டர் அசரவில்லை.

"சொல்லி வச்சு நடந்தா எல்லாம்தான் பாஸாகும். சொல்லாம கொள்ளாம ஒருத்தர் டேக்கோட போகட்டும், அப்பப் பார்க்கலாம். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அவளுக்கு அழுகை பொங்கியது. ஸ்குரூ டிரைவரையெல்லாம் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள்.

மணி அலறியது. கதவு படாரென்று பூட்டிக்கொண்டது. நர்ஸுகள் நாலு பக்கமும் ஓடிவந்தார்கள். காவலாளி அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்.

"குழந்தையை எங்கம்மா வச்சிருக்க?"

"ஐயையோ, எந்தக் குழந்தை?" என்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. பேன்ட்டைத் தூக்கி, காலுறையை இறக்கினாள். கணுக்காலில் டேக்! ஏணியில் ஏறுகிறவளுக்குக் கையில் டேக்கைப் பிடித்துக்கொள்ள முடியுமா? அதனால் காலையில் காலில் கட்டிக்கொண்டுதான் சரிபார்ப்பாள். அன்று கழற்ற மறந்தே போய்விட்டாள்.

பெரிய சிஸ்டர் சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காலுறைக்குள்ள இருந்ததையே பிடிச்சிடுச்சே! ஆனா விதி விதிதான். டேக் கட்டின பிள்ளையைச் சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம விடமாட்டோம். யாருங்க இந்தப் பிள்ளைக்கு?"

அவளை அழைத்துப்போக வந்திருந்த கணவன் கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து கையைத் தூக்கினான். "நம்ம பிள்ளைதான் சிஸ்டர்! எடை கொஞ்சம் கூடுதல். நடத்தியே கூட்டிட்டுப் போறேன்."

அவனை உள்ளே விட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அதே பேனாவை வாங்கிப் பெரிய சிஸ்டர் அவளுடைய ஒப்படைப்புத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். மணி மறுபடியும் அலறியது. சிரித்த சிரிப்பில் டேக்கைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவளும் அவசரப்படவில்லை, அடிக்கட்டும் என்று நின்று கேட்டாள்.